சேர்மன் கிடாவும் ஈரமான டியூபும்

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், காலை எட்டு மணிக்குள் ஏறக்குறைய முந்நூறு கோடி உயிரணுக்களைக் கொன்றேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததுதான்.

எங்கள் ஆய்வகத்தில் போன மாதம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். டீ குடிக்கும்போது ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, நீங்க சேந்த புதுசுல தப்பு எதுவும் பண்ணிருக்கீகளா?" பண்ணியிருக்கிறேன் என்றேன். என்ன தப்பு என்று கேட்பதற்குள் வாட்டர் பாத் மணி அடித்துவிட்டது. பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஆட்டு விந்து சேகரிக்கும் ஆய்வகத்துக்கு வேலைக்கு வருகிற யாருக்கும் பயன்படும்.

1. என்ன வேலை என்று சொல்வது

எங்கள் வீடு விஸ்வநத்தத்தில். அம்மாவுக்குக் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை. அப்பா திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் லோடு இறக்குகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது, என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். நான் விலங்கியல் படித்து, லேப் டெக்னீசியன் படிப்பும் முடித்தேன். விருதுநகர் பக்கம் ஒரு ஆட்டு இனப்பெருக்க ஆய்வகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அன்றைக்கு அம்மா சாத்தூர் காராச்சேவு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தாள். சேவை வாயில் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, என்ன வேலை என்பது.

"லேப்ல" என்பேன்.

"ரத்த டெஸ்டா?"

"இல்ல, ஆடு."

"ஆட்டுக்கா ரத்த டெஸ்டு?"

இதற்கு மேல் பேச்சை மாற்றிவிடுவேன். அம்மாவிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் நானே மாட்டிக்கொண்டேன். ஆய்வகத்துக்குப் புது நாட்டுக்கோழி முட்டை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததை எடுத்தேன்.

"ஆபீசுக்கு எதுக்குலே முட்ட?"

"கிடாகிட்ட இருந்து விந்து எடுப்போம்மா. அது சாகாம இருக்கணும்ல. மருந்துத் தண்ணியில மஞ்சக்கருவக் கலந்து, அதுல போட்டு வைப்போம். பெறகு பெட்டையாட்டுக்குள்ள வைப்போம். குட்டி பெறக்கும்."

அம்மா என் கையிலிருந்த முட்டையை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அம்புட்டு வருசம் படிச்சியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா."

"சரி. அப்ப நல்ல முட்டயா எடுத்துட்டுப் போ. இது கூமுட்ட. அந்தக் கருப்புக் கோழி முட்ட மேல இருக்கு பாரு."

அதற்குப் பிறகு தெருவில் யார் கேட்டாலும் அம்மாவே பதில் சொன்னாள். "ஆட்டு ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுல இருக்கான்." இதைவிடச் சரியாக நானும் இன்றுவரை சொன்னதில்லை.

2. சேர்மன்

ஆய்வகத்தில் எங்களுக்கு மேலே டாக்டர் எஸ்தர் மேடம். நாசரேத் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் "ஏசப்பா" என்பார். குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொட்டகையில் கிடாக்களைப் பார்த்துக்கொள்வது வேலுச்சாமி அண்ணன். அவர்தான் கிடாக்களுக்குப் பெயர் வைப்பவர்.

எங்களிடம் இருந்த ஒரே வேம்பூர்க் கிடாவுக்கு அவர் வைத்த பெயர் சேர்மன். வேம்பூர் ஆட்டை எங்கள் பக்கம் பொட்டாடு என்பார்கள். வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள் அங்கங்கே கொட்டியிருக்கும். சேர்மனுக்கு முதுகில் ஒரு பெரிய பொட்டு, இடது தொடையில் இரண்டு. நடை மெதுவாக இருக்கும். யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. கொஞ்சம் பொறுத்து, தானாகவே வந்ததுபோல வரும். பக்கத்துத் தடுப்பில் இருந்தது கீழக்கரிசல் இனத்து இளங்கிடா. பழுப்பு நிறம், துறுதுறுவென்று இருக்கும். அதன் பெயர் கவுன்சிலர்.

வேலை இப்படி நடக்கும். ஏ.வி. என்று ஒரு கருவி உண்டு, செயற்கை யோனி. கெட்டியான ரப்பர்க் குழாய். உள்ளே மெல்லிய ரப்பர் உறை. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று டிகிரிச் சுடுதண்ணீர். பெட்டையின் உடம்புச் சூடு போலத் தெரிய வேண்டும், அதற்குத்தான். குழாயின் கடைசியில் அளவுக்கோடு போட்ட கண்ணாடி டியூப். ஒரு பெட்டையாட்டைக் கட்டி நிறுத்துவோம். கிடா மேலே தாவும் அந்த நொடியில் பக்கத்தில் குந்தியிருப்பவர் ஏ.வி.யைக் காட்டிவிட வேண்டும். கண் இமைத்தால் முடிந்துவிடும். டியூபில் பாலாடை நிறத்தில் கெட்டியாக ஒரு மில்லி இருக்கும். அதிலேயே அந்த முந்நூறு கோடியும் இருக்கும்.

முதல் நாள் மேடம் ஒரு சொட்டைச் சூடான ஸ்லைடில் வைத்து, "வந்து பாருங்க" என்றார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெருவெல்லாம் தரைச்சக்கரம் சுற்றுமே, அந்த மாதிரி. ஒன்று சுற்றி முடிப்பதற்குள் அதன் மேலேயே இன்னொன்று கிளம்புகிறது. சுழல் சுழலாக மொத்தச் சொட்டும் கொதிக்கிறது.

"எப்படி இருக்கு?" என்றார் மேடம்.

"தரைச்சக்கரம் மேடம்."

"நாங்க இதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுவோம். சேர்மனுக்கு எப்பவும் அஞ்சு. சக்கரம் சுத்தலைன்னா மூணுக்குக் கீழ. அதத் தூரப் போட்டுருவோம்."

அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

3. சீனியம்மாள் அக்காவின் பன்னிரண்டு ஆடுகள்

நான் சேர்ந்தபோது கையில் இருந்த வேலை அச்சங்குளத்துச் சீனியம்மாள் அக்காவுடையது. அக்கா வெடிக் கம்பெனியில் திரி வேலை பார்ப்பவர். கூடவே பன்னிரண்டு பொட்டாடுகள் வைத்திருந்தார். அவருடைய பொட்டுக்கிடா முந்தின வருடம் பாம்பு கடித்துச் செத்துப்போனது. ஊரில் மற்ற கிடாக்களெல்லாம் கலப்பு. இரண்டு ஈத்தாகப் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கும் பொட்டு இல்லை.

"கலப்புக் குட்டியும் குட்டிதான், இல்லங்கல. ஆனா மந்தைய நிமிந்து பாத்தா எது என் ஆடுன்னு எனக்கே தெரியல தம்பி" என்றார் அக்கா.

சேர்மனின் விந்தை அவர் ஆடுகளுக்கு வைப்பது என்று முடிவானது. அதற்கு ஆடுகள் முதலில் எந்தக் கிடாவிடமும் சேராமல் இருக்க வேண்டும். ஊர் மந்தையோடு மேயவிட்டால் நடக்காது. ஆகையால் அக்கா பன்னிரண்டையும் இரண்டு மாதமாகப் பட்டியிலேயே அடைத்து வைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் போய்ப் புல்லறுத்து வருவார். எட்டு மணிக்குக் கம்பெனி. சாயங்காலம் வந்து மறுபடி புல். கொழுந்தன் பாண்டி தினமும் பட்டியைத் தாண்டிப் போகும்போது, "என்ன மதினி, ஆடெல்லாம் ஆஸ்டல்லயா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவானாம்.

பன்னிரண்டு ஆடும் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வர, மருந்து ஏற்றிய சின்ன ஸ்பாஞ்சை உள்ளே வைத்துப் பன்னிரண்டு நாள் விட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எடுத்து ஊசி போட்டோம். கணக்குப்படி வியாழக்கிழமை பதினொரு மணி வாக்கில் விந்து வைத்துவிட வேண்டும். மதியம் தாண்டினால் நேரம் கடந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது அக்கா என் பைக் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இது தப்பிச்சுன்னா இன்னொரு தடவ என்னால அடச்சு வைக்க முடியாதுப்பா. ஒடம்பு தாங்கல. தொறந்து விட்டுருவேன். பெறகு எந்தக் கிடா வந்தாலும் வரட்டும்."

"தப்பாதுக்கா" என்றேன். சேர்ந்து ஏழு நாள் ஆனவன் கொடுத்த வாக்கு.

4. வியாழக்கிழமை

டியூபுகளை நாங்கள் கழுவி, ஓவனில் காயவைத்து, அலுமினிய ஃபாயிலில் சுற்றி வைப்போம். எடுக்கும் நேரத்தில் பிரித்து ஏ.வி.யில் மாட்ட வேண்டியதுதான். அன்று டியூப் மாட்டும் வேலையை முதல்முதலாக மேடம் என்னிடம் கொடுத்தார்.

ஃபாயிலைப் பிரித்தேன். டியூபின் வாயோரத்தில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது. என் விரலிலும் மினுங்கியது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். கம்பி மத்தாப்பு மருந்தில் அலுமினியப் பவுடர் உண்டு. அம்மாவின் கை, சேலை, சாப்பாட்டுப் பை, எல்லாவற்றிலும் அந்த வெள்ளி இருக்கும். சோற்றுத் தட்டு விளிம்பில்கூட சில நாள் மினுங்கும். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு. ஒன்று, அந்தப் பவுடர் பட்ட எதையும் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உரசினால் தீப்பிடிக்கும். இரண்டு, எதைத் தொடும் முன்னாலும் தண்ணீரில் கழுவ வேண்டும். அம்மா வேலை விட்டு வந்தால் வாசலிலேயே குடம் இருக்கும். கையும் காலும் கழுவாமல் என்னைத் தொட்டதே இல்லை. ஈரம் என்றால் எங்களுக்குப் பயமில்லை என்று அர்த்தம்.

அந்த மினுக்கைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அம்மாவின் பையிலிருந்து பவுடர் என் கைக்கு வந்து, என் கையிலிருந்து டியூபுக்குப் போய்விட்டது. உண்மையில் அது ஃபாயிலிலிருந்து உதிர்ந்த துணுக்கு. நான் யோசிக்கவே இல்லை. டிஸ்டில்ட் வாட்டர் பாட்டிலை எடுத்தேன். அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது. டியூபை நன்றாகக் கழுவி, இரண்டு உதறு உதறி, வெளிப்பக்கத்தை ஏப்ரனில் ஒற்றி, ஏ.வி.யில் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

சேர்மன் தன் கடமையைச் செய்தது. டியூபை நான்தான் வாட்டர் பாத் என்கிற வெந்நீர்த் தொட்டிக்கு ஓடிக் கொண்டுபோனேன். மேடம் சொட்டை வைத்துப் பார்த்தார். லென்ஸை மாற்றினார். ஸ்லைடு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இன்னொரு சொட்டு வைத்தார்.

"ஏசப்பா" என்றார். இது சந்தோஷமில்லை.

நானும் பார்த்தேன். தரைச்சக்கரம் ஒன்றுகூட இல்லை. மழையில் நமத்துப்போன வெடிக்கடை மாதிரி எல்லாம் கிடந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு துடித்து நின்றன.

"வால் எல்லாம் சுருண்டுருக்கு பாருங்க" என்றார் மேடம். ஆமாம். பொட்டு வெடிச் சுருள் போல, வாலெல்லாம் சுருண்டு ஒட்டியிருந்தன.

வேலுச்சாமி அண்ணன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், சேர்மன் மார்க் எம்புட்டு?"

"ஒண்ணுகூடத் தேறாதுண்ணே. இந்தச் சித்திரை வெயில் விரைக்குள்ள வரைக்கும் போயிருக்கும்னு நெனைக்கேன். அப்படின்னா அது சரியாகுறதுக்கு ரெண்டு மாசம் ஆகும். திரும்ப எடுத்தாலும் இதேதான் வரும்."

"போன வாரம் அஞ்சு மார்க் வாங்குனானே மேடம்."

"அதான் எனக்கும் புரியல." மேடம் என்னைப் பார்த்தார். "ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் வால் இப்படித்தான் சுருளும். ஆனா நம்ம டியூப் ஓவன்ல காயவச்சதாச்சே. மாரி, டியூப் எங்க இருந்து எடுத்தீங்க?"

"ஃபாயில்ல இருந்துதான் மேடம்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் ஏப்ரனில் இன்னும் ஈரம் காயவில்லை. கையை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டேன்.

நான் நினைத்தது இதுதான். சொன்னால் வேலை போகும். அம்மா கொடுத்த காராச்சேவு தெருவெல்லாம் செரித்துக்கூட இருக்காது. சொல்லாவிட்டால் வெயில்மேல் பழி போகும். வெயில் யாரிடமும் போய் நியாயம் கேட்கப்போவதில்லை.

மேடம் செல்போனை எடுத்தார். "அந்தம்மாகிட்டச் சொல்லிருவோம். பாவம், லீவு போட்டுட்டு ஒக்காந்திருக்கும்."

எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி போனது. கொட்டகைப் பக்கம் வேலுச்சாமி அண்ணன் சேர்மனிடம் பேசுவது கேட்டது. "விடுலே. வயசானா எல்லாருக்கும் வரதுதான். நானெல்லாம் இல்லயா?"

"அலோ, சொல்லுங்க மேடம்" என்றது அக்காவின் குரல். "கெளம்பிட்டீகளா? ஆடெல்லாம் கத்துது மேடம், காலையில இருந்து வாலாட்டிக்கிட்டே நிக்குதுக. சரியான நேரம்."

"மேடம்!" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. "டியூப நான் கழுவிட்டேன் மேடம்."

மேடம் போனைக் கையால் பொத்தினார். "என்னது?"

"ஃபாயில்ல இருந்து எடுத்து, மாட்டுறதுக்கு முன்னால கழுவினேன். டிஸ்டில்ட் வாட்டர்ல. காயவைக்கல. வெள்ளியா மினுங்குச்சு. அம்மா கம்பெனிப் பவுடரோன்னு நெனச்சேன். சேர்மன் மேல தப்பில்ல மேடம். வெயில் மேலயும் தப்பில்ல."

போனில் பன்னிரண்டு ஆடும் கத்திக்கொண்டிருந்தன.

மேடம் கையை எடுத்து, "ஒண்ணுமில்ல சீனியம்மா" என்றார். "பத்தரைக்கு வாறோம்னு சொன்னேன்ல, பதினொண்ணாகும். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு என் ஏப்ரனைப் பார்த்தார். நான் கையை எடுத்தேன்.

"ஏசப்பா" என்றார். எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேலுச்சாமியண்ணே! உங்க சேர்மனுக்கு ஒண்ணும் இல்லயாம். இவன் முந்நூறு கோடிப் பேரையும் குளிப்பாட்டிக் கொன்னுருக்கான்!"

வேலுச்சாமி அண்ணன் உள்ளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வாயில்லாச் சீவன் முன்னால நின்னு, 'ஒனக்கு வயசாயிருச்சு'ன்னு நான் ஆறுதல் சொல்லிட்டு வந்திருக்கேன்லே. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதுகிட்டத் திரும்பிப் போவேன்?"

"திரும்ப எடுக்கணும்ணே" என்றார் மேடம். "உடனே."

5. கவுன்சிலர் செய்த உதவி

மணி எட்டே முக்கால். சேர்மன் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எழுப்பி நிறுத்தினோம். பெட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெட்டையை மாற்றிக் கட்டினோம். அதையும் பார்த்தது. மறுபடி படுக்கப் போனது. ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மணி ஒன்பது.

"கவுன்சிலர் விந்தக் கொண்டு போயிரலாமா?" என்று அவசரத்தில் நான் கேட்டேன்.

"பொட்டுக் குட்டி கேட்டவளுக்குப் பழுப்புக் குட்டியா?" என்றார் மேடம். "அதுக்கு அந்தம்மா ரெண்டு மாசம் புல்லறுத்திருக்க வேண்டாமே."

வேலுச்சாமி அண்ணன் போய்க் கவுன்சிலரை அவிழ்த்து வந்தார். பெட்டைக்கு நாலடி தள்ளி, சேர்மன் கண்ணுக்கு நேராக நிறுத்தினார். கவுன்சிலர் மூக்கைத் தூக்கி உதட்டைச் சுருட்டியது. ஒரு கனைப்புக் கனைத்தது. காலால் தரையைத் தட்டியது.

"பாத்துக்கோ சேர்மன். நீ படுத்துக் கெடந்தா ஓன் சீட்டுல யாரு ஒக்காரப் போறான்னு பாத்துக்கோ."

சேர்மன் தலையைத் தூக்கியது. கவுன்சிலரைப் பார்த்தது. பெட்டையைப் பார்த்தது. அதன் வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை. மேடம் ஏ.வி.யோடு குந்தக்கூட நேரமில்லை, பாதி குனிந்த நிலையிலேயே பிடித்தார்.

இந்தத் தடவை டியூப் மாட்டியதும் நான்தான். மேடம் வேண்டுமென்றே என் கையில்தான் கொடுத்தார். ஃபாயிலைப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி மினுக்கு இருந்தது. கை தன்னால் பாட்டில் பக்கம் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மினுக்கோடு மாட்டினேன்.

ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவுதான். ஸ்லைடில் வைத்தோம். மேடம் குனிந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்று, எனக்கு இடம் விட்டார்.

தரைச்சக்கரம். தெருவெல்லாம்.

6. பிளாஸ்க்

மஞ்சள் கருக் கரைசலைச் சேர்த்து, டியூபை வெதுவெதுப்பான தண்ணீர்க் குவளைக்குள் நிறுத்தி, குவளையைப் பிளாஸ்க்குக்குள் இறக்கினோம். உயிரணுவுக்குத் திடீர்க் குளிர் ஆகாது. மெதுவாக, ஒரு மணி நேரம்போல எடுத்துக்கொண்டு, பதினைந்து டிகிரிக்கு வர வேண்டும். ஜீப்பில் பிளாஸ்க்கை நான் மடியில் வைத்துக்கொண்டேன். சாத்தூர் தாண்டுகிறவரை வேகத்தடை வரும்போதெல்லாம் அதைக் கையில் ஏந்தி இருக்கையிலிருந்து எழுந்துகொண்டேன்.

"கைப்பிள்ளய வச்சிருக்கிறவகூட இம்புட்டு எந்திரிக்க மாட்டா" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

அச்சங்குளத்தில் அக்கா வீட்டு வேலியோரம் கூட்டம் நின்றது. பாண்டி முன்னால் நின்றான். நான் பிளாஸ்க்கோடு இறங்கியதுதான் தாமதம்.

"ஏ மதினி! மாப்பிள்ள எங்கன்னு கேட்டா, டீ பிளாஸ்க்ல கொண்டாந்திருக்காகளாம்ல!"

கூட்டம் சிரித்தது. அக்கா ஒரு ஆட்டின் கழுத்தைப் பிடித்தபடியே திரும்பினார். "ஒனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தச் சொல்லவா? கல்யாணமாகி நாலு வருசமாச்சேன்னு ஓன் பொண்டாட்டியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

இப்போது கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. பாண்டியும் சிரித்துவிட்டான். பிறகு அவனே வேலியைத் தாண்டி உள்ளே வந்து, ஒவ்வொரு ஆடாகப் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தான். அவன் பிடிக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு நேரம் போதாமல் போயிருக்கும்.

சின்ன மைக்ராஸ்கோப்பைப் பட்டியோரம் கிடந்த பழைய டயரின்மேல் வைத்து இன்னொரு தடவை பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டுக்குக் கால் மில்லி. நான் நிரப்பிக் கொடுக்க, மேடம் வைத்தார். பதினொன்று பத்துக்குத் தொடங்கி, பன்னிரண்டுக்குள் பன்னிரண்டும் முடிந்தது.

ஜீப்பில் ஏறும்போது அக்கா என்னிடம், "தப்பாதுல்ல தம்பி?" என்றார்.

செவ்வாய்க்கிழமை சொன்ன மாதிரி இந்தத் தடவை சொல்லவில்லை. "சேர்மனால ஆனது ஆயிருச்சுக்கா. எங்களால ஆனதும் இப்பதான் ஆயிருக்கு. இனி ஆடுக பாடு."

"இது நல்ல பதிலு" என்றார் அக்கா.

மறுநாள் மேடம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு ஸ்லைடு கொடுத்தார். மிச்சமிருந்த நல்ல சாம்பிளில் ஒரு சொட்டு. ஓரத்தில் ஊசி முனையளவு தண்ணீரைத் தொட்டு வைக்கச் சொன்னார். தண்ணீர் பரவப் பரவ, சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வால்கள் சுருண்டன. கடைசி வரை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அவ்வளவுதான் தண்டனை. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைக் காட்டுவது அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்து வழக்கம். அப்போது நான் ஸ்லைடைப் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

7. காய்ந்த சாக்கு

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். புரட்டாசியில் ஒரு காலை, ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. கம்பெனியில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். அன்றைக்கும் லீவு போட்டிருந்தார்.

"தம்பி, முத ஆடு முக்குது. வாரீகளா?"

மேடத்திடம் சொல்லிவிட்டு பைக்கில் பறந்தேன். நான் பட்டிக்குள் நுழையும்போது குட்டியின் முன்கால்கள் வெளியே தெரிந்தன. அக்கா குந்தியிருந்தார். வேலிக்கு மேலே பாண்டி தொங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு முக்கல். குட்டி வழுக்கி வந்து வைக்கோல்மேல் விழுந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் வழுவழுப்பு. என்ன நிறம் என்றே தெரியவில்லை. முதல்முறை குட்டி போடுகிற தலையீத்து ஆடு அது. எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டது, குட்டியை நக்க வரவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே" என்று அக்கா ஒரு சாக்கை என் பக்கம் எறிந்தார். "தொடச்சு விடுப்பா. ஈரத்தோட கெடந்தா வெறச்சுப் போயிரும்."

சாக்கு நல்ல வெயிலில் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. காய்ந்த துணியால் எதையும் தேய்க்காதே என்று கேட்டு வளர்ந்த கை. ஒரு கணம் நின்றது.

"தேயிலே! ஒடஞ்சா போயிரும்?" என்று வேலிமேலிருந்து பாண்டி கத்தினான்.

தேய்த்தேன். முகத்தைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன். குட்டி தும்மியது. விலாவை அழுத்தித் தேய்த்தேன். வழுவழுப்பு போகப் போக வெள்ளை வந்தது. சுத்த வெள்ளை. அக்கா இன்னும் கிட்ட வந்து குந்தினார். முதுகைத் தேய்த்தேன். சாக்கின் அடியில் செம்மண் நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. அழுக்கோ என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. தேய்க்கத் தேய்க்கப் பெரிதானது.

"பொட்டு!" என்றார் அக்கா. குட்டியை என் கையிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினார். "ஏ பாண்டி, பாருலே! முதுகுல ஒண்ணு! தொடையில ஒண்ணு!"

"மாப்பிள்ள பிளாஸ்க்ல வந்தாலும் சாடை மாறல மதினி" என்றான் பாண்டி.

அந்த ஈத்தில் பன்னிரண்டில் ஏழு ஆடு குட்டி போட்டது. ஐந்து சினை பிடிக்கவில்லை. ஏழு குட்டிக்கும் பொட்டு இருந்தது. ஐந்துக்கும் மறுபடி வைக்கலாம் என்று மேடம் சொன்னபோது, இனிமேல் அடைத்து வைக்க முடியாது என்ற அதே அக்கா, "எப்ப வாரீக?" என்று கேட்டார்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டியூபுக்குள் காய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தப்பு நடந்துவிட்டால், மேடம் போனை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு என்றால், கத்தியாவது சொல்லிவிடுங்கள்.

அந்த முதல் குட்டி பிறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, அம்மா வழக்கம்போல வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். என் சட்டையெல்லாம் குட்டியின் வழுவழுப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னலே இது?"

"பிரசவம்மா. மொத ஆடு. பொட்டுக்குட்டி."

அம்மா குடத்தைச் சாய்த்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ஏ மாரியம்மா, எங்கன இருக்க? எங்க வார்டுல இன்னைக்குப் பிரசவமாம்! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காகளாம்!"